இடது பக்கக் கதவு

ரங்கன் சட்டையை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவான். பித்தான் வரிசை முழுவதும் முதுகுக்குப் போய்விடும். மேல் பித்தானுக்குக் கை எட்டாது, அதை அப்படியே விட்டுவிடுவான். விரலில் கிடந்த செப்பு மோதிரத்தைக் கழற்றி அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வான்.

"இன்னா சார் அப்பிடிப் பாக்கறீங்க? பித்தான் வண்டி மேல பட்டுச்சின்னு வெச்சிக்கோங்க, கோடு வுழுந்துடும். அப்பால நாள் பூரா தேச்சிக்கினு கெடக்கணும். அதான் எல்லாத்தையும் பின்னால அனுப்பிச்சிட்டேன்."

சன்னலுக்கு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த சத்தியநாதன் சார் சிரித்தார். சிரிப்பு வலது பக்கம் மட்டும் ஏறியது. இடது பக்கம் அசையவில்லை. எட்டு மாதமாக அந்த முகத்தை எல்லாரும் பார்த்திருக்கிறோம், அவர் ஒருவர்தான் பார்த்ததில்லை.

அது எழுபத்து மூன்றாம் வருஷம், மே மாதம். சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் எங்கள் தெருவில் அப்போது பதினோரு வீடுகள். மிச்சமெல்லாம் கருவேல முள்ளும் கல் நட்ட மனைகளும்தான். பதினோரு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கார் இருந்தது, சாரின் கறுப்பு மாரிஸ் மைனர். அவருடைய கார் என்று பெயர்தானே ஒழிய, தெருவில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும், எழும்பூருக்கு யாரை வழியனுப்பப் போனாலும் அது வாசலில் வந்து நிற்கும். சார் உயர்நிலைப் பள்ளியில் பூகோள வாத்தியார். ஓட்டிக்கொண்டே, அதோ தெரிகிறதே திரிசூலம் மலை, அது எத்தனை கோடி வருஷத்துக் கல் தெரியுமா என்று பாடம் நடத்துவார். வலியில் துடித்துக்கொண்டிருந்த என் மனைவிக்கும் நடத்தினார். அவள் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

போன செப்டம்பரில் ஒரு நாள், கரும்பலகையில் காவிரியை வரைந்துகொண்டிருந்தவர் மேட்டூருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். சாக்பீஸ் கீழே விழுந்தது, பிறகு அவரும் விழுந்தார். பக்கவாதம். இடது கை, இடது கால், முகத்தில் இடது பாதி. உயிர் பிழைத்ததே பெரிது என்று டாக்டர் சொன்னார். காலும் நாக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. தடி ஊன்றி வீட்டுக்குள் நடப்பார். பேச்சு மெதுவாக வரும், ஆனால் புரியும். முகம் மட்டும் திரும்பவில்லை. கண் இமை பாதி தொங்கி, கன்னம் வழிந்து, வாயின் ஓரம் தாடையை நோக்கி இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது நடந்த ஒரு விஷயம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். சாரின் மனைவி மெட்டில்டா அக்காவின் அண்ணன் ஜெபராஜ் தன் மூன்று வயசுப் பேரனைத் தூக்கிக்கொண்டு பார்க்க வந்தார். குழந்தை சாரைப் பார்த்ததும் வீறிட்டு அலறி, தாத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "ஏன் அழறான்?" என்று சார் குழறலாகக் கேட்டார். "மருந்து வாசனை பிள்ளைக்குப் பிடிக்கலை," என்றாள் அக்கா.

வீட்டுக்குக் கூட்டி வருவதற்கு முன்னால் அக்கா கண்ணாடிகளை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டாள். பீரோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். சவரக் கண்ணாடி டிரங்குப் பெட்டிக்குப் போயிற்று. எவர்சில்வர் தட்டும் டம்ளரும் பரணுக்கு ஏறின, சாருக்குப் பீங்கான் தட்டு வந்தது. சவரம் செய்ய வரும் கோபுவை வாசலிலேயே நிறுத்தி, கண்ணாடியைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மகள் சரோஜினி ஆரம்பப் பள்ளி டீச்சர். கைப்பைக்குள் ஒரு சின்னக் கண்ணாடி வைத்துக்கொண்டு, கிணற்றடிக்குப் போய்த்தான் பொட்டு பவுடர் எல்லாம். சார் ஒரே ஒரு தடவை கண்ணாடி கேட்டார். உடைந்து போச்சு என்றாள் அக்கா. அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

இதையெல்லாம் செய்த அக்காவைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. அந்தக் குழந்தை அலறியபோது பக்கத்தில் நின்றவள் அவள்.

இப்போது சரோஜினிக்குக் கல்யாணம். வியாழக்கிழமை காலை தாம்பரத்தில், சர்ச்சில். பெண்ணை அப்பாதான் கையைப் பிடித்து ஆல்டர் பீடம் வரை கூட்டிப் போக வேண்டும். ஆனால் ஜெபராஜ் மாமா கூட்டிப் போவதாக அக்கா ஏற்பாடு செய்துவிட்டாள். வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சாரிடம் ஒரு பொய். சார், "சரி, என் காராவது போகட்டும். ஆனா பளபளன்னு போகணும். அதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்," என்றாராம்.

அப்படித்தான் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ரங்கன் வந்து சேர்ந்தான். பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரம் ஒரு பெயின்ட் ஷெட்டில் அவனுக்கு வேலை. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி, பாலிஷ் மெஷினைச் சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்திருந்தான். பெரிய டிரில்லிங் மெஷின் மாதிரி ஒரு சாமான். முன்னால் ஒரு வட்டத் தட்டு, அதன் மேல் ஆட்டு ரோமத்தில் செய்த தொப்பி. தூக்கிப் பார்த்தேன். என் உடம்பு இருந்த நிலைமைக்கு இரண்டு கையும் போதவில்லை. மஞ்சள் காமாலையில் படுத்து எழுந்து, தபாலாபீசுக்கு லீவு போட்டுவிட்டு, மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டு எதிரே என் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காலம் அது. அதனால்தான் அன்றைய நாள் முழுவதையும் என்னால் பார்க்க முடிந்தது. பார்க்காததைச் சரோஜினி பின்னால் சொன்னாள்.

மெஷினுக்குப் பெரிய பிளக் வேண்டும். அந்த வீட்டில் அது ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது, இஸ்திரிப் பெட்டி போடுவதற்காகச் சாரின் அறையில் வைத்தது. வயரும் குட்டை. ஆகவே தெருவில் கையில் கிடைத்த ஆம்பிளைகள் நாலைந்து பேர் சேர்ந்து, தகரக் கொட்டகையில் எட்டு மாதம் தூங்கிய காரைத் தள்ளிக்கொண்டு வந்து, சாரின் சன்னலை ஒட்டிப் புங்க மரத்து நிழலில் நிறுத்தினார்கள். காரின் இடது பக்கம் சன்னலைப் பார்த்து நின்றது. கறுப்பு நிறமா அது? துடைக்காத சிலேட்டு மாதிரி வெளிறிக் கிடந்தது. யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அக்காவுக்கும் தோன்றவில்லை. வண்டி வெளிச்சத்துக்கு வந்த சந்தோஷத்தில் அவள் எல்லாருக்கும் எலுமிச்சம்பழத் தண்ணீர் கரைத்துக்கொண்டிருந்தாள்.

ரங்கன் முதலில் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினான். கண்ணாடிகள் மேல் பழைய செய்தித்தாளை ஒட்டி மூடினான். வயரைத் தோள் மேல் போட்டுக்கொண்டான், அதுவும் வண்டியில் உரசக் கூடாதாம். டப்பாவிலிருந்து காம்பவுண்டு என்கிற மெருகுக் குழம்பை விரலால் எடுத்து, குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கிற மாதிரி பானெட்டில் அங்கங்கே வைத்தான். மெஷினைப் போட்டான். உள்ளே சாருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி அரை வேகத்துக்கு இறங்கியது.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உறுமல் இல்லை. தொலைவில் மின்சார ரயில் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பது போல ஒரு ரீங்காரம். காய்ச்சல் விட்ட உடம்பு, மே மாத வெயில், மோர் சாதம். எனக்குக் கண் சொக்கிக்கொண்டு வரும், தூங்கிவிடுவேன். தூக்கத்திலும் அந்த ரயில் ஓடும். கண்ணைத் திறந்தால் காரில் இன்னும் ஒரு முழம் கறுத்திருக்கும். வெள்ளைக் குழம்பு பரவி, சாம்பலாகி, பிறகு ரங்கன் பனியன் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் அடியில் ராத்திரி மாதிரி ஒரு கறுப்பு. பத்து மணிக்குப் பானெட்டில் வானம் வந்துவிட்டது. புங்க மரம் தலைகீழாக வந்துவிட்டது. ஒரு காக்கை பானெட்டுக்குள்ளே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறந்து போனதை நான் பார்த்தேன். புங்கம்பூ பொரி போல உதிர்ந்துகொண்டே இருந்தது. கீழே விழும் பூவும் உள்ளிருந்து மேலே வரும் பூவும் பானெட்டில் தொட்டுக்கொண்டன.

"ஓரத்துல ஏன் மெஷின் வைக்க மாட்டேங்கறே?" என்று சார் சன்னலுக்குள்ளிருந்து கேட்டார்.

"ஓரத்துல வெச்சா பெயின்ட்ட கடிச்சிடும் சார். அடியில இருக்கற செவப்பு வந்துடும். ஓரம்லாம் கையாலதான். பொறுமையா போவணும். எங்க மொதலாளி இன்னா சொல்வாரு, ரங்கா, நீ வண்டிய தேய்க்கல, தாலாட்டற அப்டிம்பாரு."

"உனக்கு எந்த ஊரு?"

"கோவளம் சார். ஆத்தா மீன் விக்குது. எனக்குக் கடல்ல போனா வாந்தி. இன்னா பண்றது? அதான் இந்தாண்ட ஓடியாந்துட்டேன்."

சாருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எச்சில் வாயோரத்தில் வழிந்ததை வலது கையால் துடைத்துக்கொண்டார். எட்டு மாதத்தில் அவ்வளவு சத்தமாக அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

பன்னிரண்டரைக்குள் மேல்கூரை, வலது பக்கம், டிக்கி எல்லாம் முடிந்துவிட்டன. இடது பக்கம்தான் பாக்கி. ஒரு மணிக்கு மின்சாரம் போயிற்று. அந்தக் கோடையில் ஒன்றிலிருந்து மூன்று வரை எங்கள் பக்கத்தில் மின்வெட்டு. ரங்கன் மெஷினைச் சாக்கின் மேல் படுக்க வைத்துவிட்டுக் கையலம்பினான். அக்கா அவனுக்குப் புங்க மரத்தடியில் இலை போட்டாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் வாழைக்காய்ப் பொரியலும்.

"கருவாடு இங்க வாங்கினதா யம்மா?"

"தாம்பரம் மார்க்கெட்ல. ஏன், நல்லா இல்லையா?"

"கொயம்பு ஷோக்கா கீது. கருவாடுதான் மண்ணு. நாளைக்கு எங்காத்தா கிட்ட சொல்லி அனுப்பறேன். கண்ணால வூட்ல மண்ணு துன்னக் கூடாது."

அக்கா சிரித்துக்கொண்டே குழம்பு வாளியோடு நிமிர்ந்தாள். அப்போதுதான் காரின் டிக்கியைப் பார்த்தாள். கொடியில் காய்ந்த அவளுடைய நீலப் புடவை அதில் ஆடிக்கொண்டிருந்தது. பின்பக்கம் கிணறு, கிணற்று மேல் உட்கார்ந்திருந்த மைனா, எல்லாம் அதனதன் இடத்தில் தெளிவாக இருந்தன. ஆசையாக ஒரு அடி முன்னால் வைத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். திரும்பிச் சன்னலைப் பார்த்தாள். சன்னலிலிருந்து ஒரு எட்டுத் தூரத்தில், இன்னும் தேய்க்காத இடது கதவைப் பார்த்தாள். வாளி அவள் கையில் சாய்ந்து குழம்பு தரையில் கொட்டியது.

வீடு முழுக்கத் தேடித் தேடிக் கண்ணாடியை ஒழித்தவள், சன்னலுக்கு எதிரே ஆள் வைத்து ஒரு கண்ணாடி செய்துகொண்டிருந்தாள்.

சார் கண்ணயரும் வரை காத்திருந்து, ரங்கனைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

"ரங்கா, அந்த இடது பக்கம் வேண்டாம். அப்படியே விட்டுடு."

"இன்னாம்மா சொல்றீங்க? ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் சாம்பலு. கண்ணாலத்துக்குப் போற வண்டிம்மா அது. எவன்டா தேச்சான்னு கேப்பாங்க, எம் பேரு நாறிடும்."

அக்கா வேறு வழியில்லாமல் சொன்னாள். ஆஸ்பத்திரி, குழந்தை, பீரோ, பீங்கான் தட்டு எல்லாவற்றையும். பாதியில் அழுகை வந்துவிட்டது. ரங்கன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்.

"வண்டியத் திருப்பி நிறுத்திடலாமான்னு பாத்தா, அந்தப் பக்கமும் கண்ணாடிதாம்மா. எப்பிடித் திருப்பினாலும் கண்ணாடிதான். பேஜாராப் பூடுச்சே."

"போர்வை போட்டு மூடிடலாமா?"

"மெழுகு காயாம துணி போட்டா அச்சு வுழுந்துடும்மா." கொஞ்ச நேரம் யோசித்தான். "சரி, வுட்டுடறேன். எங்கப்பனுக்கும் ஒரு கண்ணு கெடயாது. நீங்க சொல்றது எனக்குப் புரியுது."

சமையலறைக் கதவருகே சரோஜினி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இன்னும் எத்தனை நாளைக்கு?" என்றாள். "அப்பாவைக் கல்யாணத்துக்குக்கூடக் கூட்டிட்டுப் போகாம, அறையிலயே பூட்டி வைக்கப்போறீங்களா?"

"நான் பூட்டலை. அங்க முந்நூறு பேர் இருப்பாங்க. ஒவ்வொருத்தர் கண்ணும் அவருக்குக் கண்ணாடிதான். அதுல அவர் தன்னைப் பாத்துட்டா, அப்புறம் எழுந்திருக்க மாட்டார் சரோஜா."

"எனக்கு மாமா வேண்டாம். அப்பாதான் வேணும்."

"எனக்கு உங்கப்பா உயிரோட வேணும்," என்றாள் அக்கா. 

மூன்று மணிக்குக் கடற்காற்று வந்தது. கிழக்கே எட்டு மைல் தாண்டி, முள்ளுக்காட்டின் மேலாக, கொஞ்சம் உப்பும் கொஞ்சம் புழுதியுமாக வரும் காற்று. அது வந்ததும் தெருவே ஒரு பெருமூச்சு விடும். கொஞ்ச நேரத்தில் சாரின் மின்விசிறியும் சுற்ற ஆரம்பித்தது. சார் கண்ணைத் திறந்து பார்த்தபோது ரங்கன் மெஷினைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன ரங்கா, மூட்டை கட்டறே?"

"முடிஞ்சிது சார்."

"இடது பக்கம்?"

ரங்கனுக்கு நன்றாக வேலை செய்யத் தெரியும், பொய் சொல்லத் தெரியாது. "வயரு எட்டல சார்," என்றான்.

சார் தன் காலடியிலிருந்த பிளக்கைப் பார்த்தார். அங்கிருந்து சன்னல் வழியாக வெளியே போன வயரைப் பார்த்தார். கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்திலிருந்த இடது கதவைப் பார்த்தார்.

"அந்தக் கோடிக்கு எட்டின வயர் இந்தக் கோடிக்கு எட்டலையா?"

ரங்கன் தரையைப் பார்த்தான். சார் தடியை எடுத்தார். அவர் அறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, வாசற்படியில் வலது காலை முதலில் இறக்கி, இடது காலை இழுத்துக்கொண்டு புங்க மரத்தடிக்கு வருவதற்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. அக்கா பின்னாலேயே ஓடி வந்தாள். நான் என்னையறியாமல் எழுந்து தெருவைத் தாண்டி வந்துவிட்டேன். வெளிறிக் கிடந்த கதவில் சார் வலது கையை வைத்தார்.

"மெட்டில்டா, இது உன் கதவு. பதினாறு வருஷமா நீ இதுலதான் ஏறினே. இதை மட்டும் ஏன் வேண்டாங்கறே?"

"ஒண்ணுமில்லீங்க. வெயில்ல ஏன் வந்தீங்க? உள்ள வாங்க."

"கண்ணாடி எல்லாம் எங்க போச்சுன்னு நான் கேக்கலை. கேட்டா நீ அழுவே." சார் மூச்சு வாங்கினார். "வாயில ஊத்தின தண்ணி வழியுது. சோறு ஒரு பக்கம் ஒதுங்குது. கை வெச்சுப் பாத்தா கன்னம் எங்கேயோ இருக்கு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னா நினைச்சே?"

அக்கா புங்க மரத்தில் கை ஊன்றிக்கொண்டாள்.

"எவ்வளவு மோசம்னுதான் தெரியாது. தெரிஞ்சுக்கத் தைரியம் வரலை. நீ ஒளிச்சு வெச்சது எனக்கும் வசதியாத்தான் இருந்தது. சரோஜா, அந்த நாற்காலியைக் கொண்டா. ரங்கா, மெஷினைப் போடு."

ரங்கன் அக்காவைப் பார்த்தான். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை அசைத்தாள். அது சரி என்பதா வேண்டாம் என்பதா என்று எனக்குப் புரியவில்லை. ரங்கன் சரி என்று எடுத்துக்கொண்டான்.

நாற்காலி கதவுக்கு எதிரே போடப்பட்டது. சார் இரண்டு காலுக்கும் நடுவே தடியை நிறுத்தி உட்கார்ந்துகொண்டார். மறுபடி அந்த ரயில் சத்தம் கிளம்பியது. ரங்கன் முதலில் பின்பக்கத்து மட்கார்டுக்குப் போனான். பிறகு முன்பக்கத்து மட்கார்டு. கதவுக்கு வராமல் சுற்றிச் சுற்றி வந்தான். மதியத்துக்கு முன்னால் அவன் இவ்வளவு மெதுவாக வேலை செய்யவில்லை. கடைசியில் தேய்க்க வேறு இடமே இல்லாமல் போயிற்று.

கதவில் பொட்டுப் பொட்டாகக் காம்பவுண்டு வைத்தான். மெஷின் அதைப் பரப்பி வெள்ளையாக்கியது. வெள்ளைக்குள் முதலில் ஒரு நிழல் வந்தது. அது மரம். பிறகு நாற்காலியின் கால்கள் வந்தன. பிறகு வெள்ளைப் பனியன்.  கீழிருந்து மேலாக, தடி, தடியைப் பிடித்த கை, மார்போடு மடங்கிய இன்னொரு கை, கழுத்து என்று ஒரு மனிதர் அந்தக் கதவுக்குள்ளே மெல்ல மெல்ல வந்து உட்கார்ந்தார். ரங்கன் மெஷினை நிறுத்தினான். பனியன் துணியை எடுத்து, தூங்கும் பிள்ளையின் நெற்றியைத் துடைப்பது போல, கடைசி மங்கலையும் துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

சார் பார்த்தார்.

தொங்கிய இமையைப் பார்த்தார். கன்னத்தைப் பார்த்தார். வாயைத் திறந்து மூடிப் பார்த்தார். கையை உயர்த்தி வாயோரத்தைத் தொட்டார், கதவுக்குள் இருந்தவரும் தொட்டார். புங்கம்பூ ஒன்று அவர் தலையில் விழுந்தது, அதையும் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியவில்லை. கேம்ப் ரோட்டில் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போயிற்று.

"அந்தப் பிள்ளை அழுதது இதுக்குத்தானா?" என்றார்.

அக்கா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி விம்மி விம்மி அழுதாள்.

"மருந்து வாசனைன்னு சொன்னியே மெட்டில்டா."

"என்னை மன்னிச்சிடுங்க."

சாரின் கண்ணிலும் நீர் வந்தது. இடது கண்ணின் நீர் இமைக்க முடியாமல் நேராக வழிந்தது. கதவில் இப்போது அவர் முகத்துக்குப் பக்கத்தில் அக்காவின் முகமும் தெரிந்தது. அவர் பார்வை தன் முகத்திலிருந்து அதற்கு நகர்ந்தது. அங்கேயே நின்றது.

"நீ ஏன் இப்படி ஆயிட்டே?"

அக்கா நிமிர்ந்து கதவைப் பார்த்தாள். எட்டு மாதமாக அவளும் கண்ணாடி பார்க்கவில்லை. கைத் தடவலில் தலைவாரி, கைத் தடவலில் கொண்டை போட்டவள். வகிடு நெற்றியிலிருந்து கோணலாகப் புறப்பட்டு ஒரு காதைப் பார்த்துப் போயிருந்தது. முன்தலையில் கால்வாசி வெளுத்திருந்தது. கழுத்து எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன.

"எல்லாத்தையும் ஒளிச்சு வெச்சு, நீயும் பாக்காம இருந்தியா?" என்றார் சார். வலது கையால் அவள் தலையைத் தடவினார். "பைத்தியம். வகிடு கூட நேரா இல்லை."

சரோஜினி வந்து அவர் முன்னால் முழங்காலிட்டாள்.

"அப்பா, வியாழக்கிழமை நீங்கதான் என்னைக் கூட்டிட்டுப் போகணும். மாமா வேண்டாம்."

சார் மறுபடி கதவைப் பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது. இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அக்கா சொன்னது சரியாகிவிடும்.

"சர்ச்சுல சின்னப் பிள்ளைங்க என்னைப் பாத்து அழுதா?"

"அழட்டும்பா," என்றாள் சரோஜினி. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். "கல்யாணத்துல யாராவது அழத்தானே செய்வாங்க."

சார் சிரித்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாகத் தன் சிரிப்பைத் தானே பார்த்தார். அது ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் படுத்துக் கிடப்பதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

ரங்கன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னும் மெழுகு போடணும், எல்லாரும் அப்பிடிக்கா போங்க," என்றான். சட்டையின் முன்பக்கம் முழுக்கக் காம்பவுண்டு தெறித்து, சுண்ணாம்பு அடித்தவன் மாதிரி நின்றான். அன்றைக்கு அவனை ஆறு மணி வரை அக்கா விடவில்லை. பரணிலிருந்து எவர்சில்வர் டம்ளரை இறக்கி அதில் காப்பி கொடுத்தாள்.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாததுமாகக் கோபு தன் பெட்டியோடு வந்தான். அவன் வேலைக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. கார் நின்ற இடத்திலேயே நின்றது. இடது கதவுக்கு எதிரே ஒரு முக்காலி, முக்காலியில் சார், பக்கத்தில் வெந்நீர்க் கிண்ணம். சார் தன் சவர செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தானே செய்துகொள்ளப் போவதாகச் சொன்னார். கோபு கிணற்றடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். நாலு பேர் காரைச் சர்ச் வரை தள்ளிக்கொண்டு போகாமல் இருக்க, முந்தின நாளே பாட்டரி மாற்றியிருந்தார்கள். ஓட்டுவதற்கு ஜெபராஜ் மாமா வந்திருந்தார். அவருக்கு அந்த வேலை மிஞ்சியது.

பானெட்டில் விடியல் வெளிச்சம் இளஞ்சிவப்பாகக் கிடந்தது. இடது கன்னம் தொளதொளவென்று இருந்ததால் பிளேடு ஓடவில்லை. இடது கையால் இழுத்துப் பிடிக்கவும் முடியாது.

"மெட்டில்டா, கொஞ்சம் வா."

அக்கா பட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு வந்தாள். வகிடு இன்று நேராக இருந்தது. குனிந்து, இரண்டு விரலால் அவர் கன்னத்தைக் காதுப் பக்கமாக இழுத்துப் பிடித்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

இழுத்தாள். இமை உயர்ந்தது. வாயோரம் மேலே வந்தது. கதவுக்குள்ளே, போன ஆகஸ்டு வரை எங்கள் தெருவில் கார் ஓட்டிய சத்தியநாதன் சார், இரண்டு பக்கமும் சமமாக, பழையபடி உட்கார்ந்திருந்தார். அதை அவரும் பார்த்தார், அக்காவும் பார்த்தாள். அந்தப் பக்கம் சவரம் முடிந்த பிறகும் அக்காவின் விரல் எடுபடவில்லை. விட்டால் அன்றைக்கு முழுவதும் அப்படியே பிடித்துக்கொண்டு சர்ச்சுக்கும் வந்திருப்பாள்.

"போதும், விடு," என்றார் சார். "சரோஜா இந்த முகத்தோடதான் நடந்து வரப்போறா."

அக்கா விரலை எடுத்தாள். கன்னம் மெல்ல இறங்கித் தன் இடத்துக்கு வந்தது. சார் பிளேடை வெந்நீரில் அலசிவிட்டு, வலது கன்னத்துக்குச் சோப்பு போட ஆரம்பித்தார்.